ஆரத்திக்கு முதுகு காட்டி

அந்த மாசி மகத்தன்று மதியத்துக்கு மேல் என்னால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. டிங்கி என்கிற சிறு படகுகள் கட்டும் படித்துறையில் மொத்தம் பதினொரு படிகள். மேலே ஏறினேன், கீழே இறங்கினேன், தண்ணீரைப் பார்த்தேன், மறுபடி ஏறினேன். நான்கு மணிக்குக் கடல் வற்றம் முடிந்து தண்ணீர் ஏறத் தொடங்கியது. என் கணவர் மேலே ரோட்டோரக் கம்பத்தில் ஏறி, விளக்குகளுக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தார். நான் அங்குமிங்கும் நடப்பது அவருக்குத் தெரிந்திருக்கும். பார்க்காததுபோல் இருந்தார். அவர் என்னோடு பேசி மூன்று நாள் ஆகியிருந்தது.

நாங்கள் இருப்பது அந்தமானில், மாயாபந்தருக்கு வெளியே, பஸ்ஸில் அரை மணி நேரத்தில் வரும் ஒரு சிறிய ஊர். அவர் மின்துறையில் லைன்மேன். நான் வனத்துறையில் காவலர். இருவரின் குடும்பங்களும் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவை. ஊரில் பாதிக்கு மேல் வங்காளிகள். மீதி நாங்கள், தெலுங்குக்காரர்கள், பர்மாவிலிருந்து வந்த கரேன்கள் கொஞ்சம். கோயில் கமிட்டியில் எல்லோரும் உண்டு. கூட்டம் இந்தியில் நடக்கும், சண்டை மட்டும் அவரவர் மொழியில்.

அதற்கு முந்தைய வருடம் கமிட்டியிலிருந்து பத்துப் பேர் காசிக்குப் போனார்கள். கப்பலில் கொல்கத்தா, அங்கிருந்து ரயில். என் கணவரும் போனார். எனக்கு லீவு கிடைக்கவில்லை. இருபது நாள் கழித்துத் திரும்பி வந்தவர் பழைய ஆள் இல்லை. கங்கைக் கரையில் மாலை ஆரத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அழுதுவிட்டாராம். அவருடைய அம்மா இறந்த அன்றுகூட அழாதவர். அதை என்னிடம் சொல்லும்போது வெட்கப்பட்டார். ஆனாலும் சொன்னார்.

"அங்க நின்னப்போ மனசு ஒரு எடத்துல நின்னுச்சு. அவ்வளவுதான். வேற ஒண்ணும் சொல்லத் தெரியல."

எனக்கு அது புரியவில்லை. என் மனசு ஒரு இடத்தில் நின்றதாக எனக்கு நினைவில்லை. அடுப்பில் சோறு வேகும்போது நாளைக்கு எந்தப் பக்கம் ரோந்து போக வேண்டும் என்று ஓடும். ரோந்து போகும்போது கேஸை அணைத்தோமா என்று ஓடும்.

அவர் காசியிலிருந்து ஐந்தடுக்குப் பித்தளை விளக்கு ஒன்றை வாங்கி வந்திருந்தார். கைப்பிடி பாம்புத் தலைபோல வளைந்திருக்கும். நல்ல கனம். அதைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டு, இங்கேயும் ஒரு ஆரத்தி நடத்தலாம் என்று கமிட்டியில் பேசினார். எங்கே என்று கேட்டார்கள். நாலாவில் என்றார். நாலா என்பது கடலிலிருந்து அலையாத்திக் காட்டுக்குள் புகுந்து வரும் உப்புநீர் ஓடை. எங்கள் ஊரைச் சுற்றிக்கொண்டு போகும், படித்துறை அதன் கரையில்தான். காசியிலிருந்து எடுத்து வந்த கங்கைச் செம்பு ஒன்று உடைக்காமல் இருந்தது. அதை ஊற்றினால் நாலாவும் கங்கைதான் என்று வங்காளிப் பூசாரி சொல்லிவிட்டார். நாள் மட்டும் எங்கள் ஆட்கள் குறித்தது. மாசி மகத்துக்குச் சாமியைத் தண்ணீருக்கு எடுத்துப் போவது சொந்த ஊரில் வழக்கம்தானே, அன்றைக்கே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

இரண்டு மாதம் அவர் பயிற்சி செய்தார். வேலை முடிந்து வந்ததும் குளித்துவிட்டு, வீட்டுக்குப் பின்னால் கோழிக்கூண்டு பக்கத்தில், ஏற்றாத விளக்கை வலது கையில் தூக்கிச் சுற்றுவார். இடது கையில் மணி. ஃபோனில் காசி வீடியோ ஓடும். முதல் வாரம் மணிக்கட்டு வீங்கிவிட்டது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தது நான்தான். கோழிகள் மணிச்சத்தத்துக்குப் பழகி, தீனி என்று நினைத்து அவர் காலடியில் வந்து நிற்கும். நான் சிரித்தால் அவரும் சிரிப்பார். அந்த இரண்டு மாதம் எங்களுக்குள் நன்றாக இருந்தது.

மாசி மகத்துக்கு ஏழு நாள் முன்பு ரோந்துக்காக டிங்கியில் போனபோது, படித்துறைக்கு நேர் எதிரே சேற்றில் ஒரு தடத்தைப் பார்த்தேன். வயிற்றை இழுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிய தடம். இரண்டு பக்கமும் நகக்குறி. என்னோடு வந்த கரேன் அண்ணன், வனத்துறையில் இருபத்தைந்து வருடம் படகு ஓட்டுபவர், எஞ்சினை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். பெரியது, ஆனால் பழைய தடமா புதுசா என்று கடல் வெள்ளம் ஏறி இறங்கிய பிறகு சொல்ல முடியாது என்றார். முந்தைய மழைக்காலத்தில் ஓடையின் கீழ்ப்பக்கம் ஒரு ஆடும் இரண்டு நாயும் போயிருந்தன. முதலை இங்கே கதை இல்லை. எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் தண்ணீரில் இறங்குவார்கள்.

அன்று இரவே வீட்டில் சொன்னேன். தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னதாக ஞாபகம். எதிர்க்கரைதானே, எதிர்க்கரையில் எப்போதும்தான் இருக்கிறது, அன்றைக்கு இருநூறு பேர் சத்தத்துக்கு எது வரும் என்றார். சத்தத்துக்கு ஓடுவது எல்லா முதலையும் இல்லை என்றேன்.

மறுநாள் ரேஞ்சரிடம் சொன்னேன். பார்த்தது நீ, நீயே எழுது என்றார். எழுதினேன். கயிறு கட்டித் தண்ணீரிலிருந்து ஆட்களைத் தள்ளி நிறுத்த வேண்டும், கையால் யாரும் விளக்கு மிதக்கவிடக் கூடாது, துறை ஆட்கள் இருவர் காவலுக்கு இருப்பார்கள். அந்தக் கடிதம் ரேஞ்சர் கையெழுத்தோடு கமிட்டிக்குப் போய்ச் சேர இரண்டு மூன்று நாள் ஆனது. கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் உரக்க வாசித்தது என் கணவர்தான், இந்தியில் வேகமாக வாசிப்பவர் அவர் என்பதால். இன்னார் பார்வையிட்டுக் கொடுத்த அறிக்கையின்படி என்ற வரியில் என் பெயர். அந்த வரியை வாசிக்கும்போது அவர் குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் அங்கே இல்லை.

வீட்டுக்கு வந்தவர் எதுவும் கேட்கவில்லை. சோற்றைத் தானே போட்டுக்கொண்டு சாப்பிட்டார். தண்ணீர் வேண்டுமென்றால் தானே எழுந்து போனார். வீட்டில் சொன்னதை ஏன் ஆபீசில் எழுதினாய் என்று ஒரு தடவை கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் கத்தவில்லை. பின்பக்கம் மணிச்சத்தம் மட்டும் கேட்டது. மூன்று நாள் அப்படியே போனது.

மாசி மகத்தன்று நான்கரை மணிக்குக் கமிட்டித் தலைவர் வந்தார். வங்காளி, மரக்கடை வைத்திருப்பவர், அண்ணன் என்ற பொருளில் ஊரே தாதா என்று கூப்பிடும். கடிதத்தில் இருந்தபடி கீழிருந்து ஐந்தாவது படியில் நைலான் கயிற்றைக் கட்டினார்கள். ஏழாவது படியில் ஆரத்தி எடுப்பவர்கள் நிற்க மூன்று பெஞ்சுகள். தாதா என்னைக் கூப்பிட்டு, தண்ணீரிலிருந்து நான்கு படி தள்ளியாகிவிட்டது, இப்போது திருப்தியா என்று கேட்டார். தண்ணீர் ஏறும் என்றேன். பௌர்ணமி வெள்ளம், ஆறு மணிக்கெல்லாம் இந்தக் கயிற்றைத் தொடும், இன்னும் மூன்று படி மேலே கட்டுங்கள் என்றேன். பெஞ்சுகளைப் போட்டு அலங்காரம் செய்தாகிவிட்டது, ஒரு மணி நேரக் காரியம், பார்த்துக்கொள்ளலாம் தீதி என்று அக்கா முறை வைத்துச் சொல்லிவிட்டுப் போனார். நான் என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். கம்பத்திலிருந்து இறங்கி, இடுப்புக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு உடை மாற்றப் போனார்.

இங்கே சூரியன் ஐந்தரைக்கே போய்விடும். ஐந்து மணியிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பெண்கள் பாக்குமட்டைத் தொன்னையில் செம்பருத்தியும் அகலும் வைத்துக் கொண்டுவந்தார்கள். கையால் விடக் கூடாது என்று மைக்கில் சொன்னார்கள். ஆனாலும் ஆளுக்கு ஒன்று இருந்தது. படிகள் நிறைந்து ரோட்டிலும் நின்றார்கள். கரேன் அண்ணன் டிங்கியை எடுத்துக்கொண்டு ஓடையின் மேல்பக்கம் போய் நின்றார். நான் கயிற்றுக்குக் கீழே, தண்ணீரைப் பார்த்து நின்றேன். கழுத்தில் விசில், கையில் நீளமான டார்ச். எனக்குக் கீழே அப்போது இரண்டு படிதான் மீதி.

சங்கு ஊதினார்கள். பூசாரி செம்பை உடைத்துக் கங்கையை ஊற்றினார். என் தோளுக்கு மேலே வந்து விழுந்த தண்ணீரில் ஒரு துளி என் காதில் பட்டது. பிறகு சவுண்ட் பாக்ஸில் இந்தி ஆரத்திப் பாட்டு தொடங்கியது. பின்னால் விளக்குகளை ஏற்றியிருப்பார்கள். எனக்கு முன்னால் தண்ணீர் முழுக்கச் செம்மஞ்சளாயிற்று. அந்த வெளிச்சம் வட்டம் வட்டமாகத் தண்ணீரில் நகர்ந்தது. நடுவில் இருந்த வட்டம் அவருடையது என்று எனக்குத் தெரியும். மணியின் தாளம் அப்படி. திரும்பிப் பார்க்க வேண்டும்போல் கழுத்து வலித்தது. இரண்டு மாதம் கோழிக்கூண்டு பக்கத்தில் பார்த்ததை எரியும் விளக்கோடு ஒரு முறை பார்த்துவிடலாம், ஒரு நிமிடம் என்ன ஆகிவிடும் என்று தோன்றியது. திரும்பவில்லை. பக்தியில் நின்றேன் என்று பொய் சொல்ல மாட்டேன். கால் மாற்றிக் கால் மாற்றி நின்றேன். தண்ணீர் என் ஷூவைத் தொட்டது. ஒரு படி ஏறினேன். முதுகில் கயிறு இடித்தது.

பாட்டு முடியப்போகிற நேரம். பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்தார்கள். விளக்கு விடத்தான். எங்கள் தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கும் அக்கா, தமிழ்க்காரர், கயிற்றைக் குனிந்து தாண்டி வந்து என் பக்கத்தில் நின்றார். ஒரே ஒரு விளக்கு, தண்ணியத் தொடாம வைக்கிறேன் என்றார். கூடாது என்று கையை நீட்டித் தடுத்துக்கொண்டே இடப்பக்கம் டார்ச் அடித்தேன்.

கட்டியிருந்த டிங்கிக்கும் படிக்கும் நடுவில் இரண்டு சிவப்புப் புள்ளி. தணல் மாதிரி. என் வீட்டு வாசலிலிருந்து கொல்லை தூரம்கூட இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இல்லாமல் போயின.

விசில் உதட்டுக்கு வந்துவிட்டது. ஊதினால் என்ன ஆகும் என்பதும் அதே நொடியில் வந்தது. பாசி பிடித்த படி, எல்லோர் கையிலும் நெருப்பு, எண்ணெய், குழந்தைகள். மேலே இருப்பவர்கள் என்னவென்று பார்க்கக் கீழே வருவார்கள். கீழே இருப்பவர்கள் மேலே ஓடுவார்கள். யாராவது ஒருவர் தண்ணீரில் விழுந்தே தீருவார். விசிலை விட்டேன். அக்காவின் தோளைப் பிடித்துக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் தள்ளினேன். தள்ளியேதான் விட்டேன், தொன்னை சாய்ந்து எண்ணெய் என் சட்டையில் கொட்டியது. பிறகு இரண்டு படி ஏறி என் கணவர் நிற்கும் பெஞ்சின் பக்கத்தில் போய் நின்றேன்.

அவர் முகம் விளக்குக்குப் பின்னால் வியர்த்து மினுங்கியது. கை சுற்றிக்கொண்டே இருந்தது. மூன்று நாளுக்குப் பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏங்க, மேல ஏறுங்க. நிறுத்தாம, அப்படியே சுத்திக்கிட்டே மேல ஏறுங்க," என்றேன்.

"எங்க?"

"இந்த டிங்கி பக்கத்துல."

அவர் தண்ணீரைப் பார்க்கவில்லை. என்னை இன்னும் ஒரு நொடி பார்த்தார். அந்த நொடியில் அவர் மாட்டேன் என்றிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று பின்னால் பல தடவை யோசித்திருக்கிறேன், தெரியவில்லை. அவர் வலது காலைப் பின்னால் எடுத்து, பெஞ்சிலிருந்து எட்டாவது படியில் வைத்தார். இடது கையில் மணி நிற்கவில்லை. விளக்கும் நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த இருவரையும் பார்த்துத் தலையை அசைத்தார். அவர்களும் பின்னால் காலெடுத்தார்கள். முகம் தண்ணீரைப் பார்த்தபடி, பின்னால் பின்னால் ஒவ்வொரு படியாக மூன்று பேரும் ஏறினார்கள். எரியும் விளக்கு வருகிறது என்றால் யாரும் வழி விடாமல் இருக்க மாட்டார்கள். கூட்டம் இரண்டாகப் பிரிந்து, விளக்குக்கு முன்னால் மேலேறியது. யாரும் ஓடவில்லை. பூசாரி ஒரு கணம் விழித்தார், பிறகு அவரும் சங்கை எடுத்துக்கொண்டு ஏறினார். பாட்டு முடிந்துவிட்டது, யாரோ மறுபடி போட்டார்கள்.

நான் கடைசி ஆளாகத் தண்ணீரைப் பார்த்தபடியே ஏறினேன். மறுபடி மறுபடி டார்ச் அடித்தேன். ஒன்றும் இல்லை.

ரோட்டுக்கு வந்ததும் என் கணவர் விளக்கைக் கீழே வைத்துவிட்டு மைக்கை வாங்கினார். தீபங்களை இங்கேயே வைப்போம், கங்கை எல்லாவற்றையும் பார்க்கிறாள் என்று இந்தியில் சொன்னார். மூச்சு வாங்கியது. அன்னதானத்துக்கு வைத்திருந்த பெரிய அலுமினிய அண்டாவில் தண்ணீர் நிரப்பிக் கொண்டுவந்து வைத்தார்கள். சிலர் அதில் விட்டார்கள். சிலர் ரோட்டோரம் வரிசையாக வைத்தார்கள். தாதாவிடம் மட்டும் நான் காரணம் சொன்னேன். அவர் படித்துறையைப் பார்த்தார். கயிறு தண்ணீருக்குள் போயிருந்தது.

மளிகைக்கடை அக்கா விட்டபாடில்லை. விளக்கு சாய்ந்தது அவருக்குப் பெரிய அபசகுனம். காக்கியைப் போட்டுக்கொண்டால் சாமிகூட இல்லையா உனக்கு, நான் யாருக்காக வேண்டிக்கொண்டேன் என்று தெரியுமா என்று கேட்டார். எனக்குத் தெரியாது. என்னால் மன்னிப்பும் கேட்க முடியவில்லை, காரணமும் சொல்ல முடியவில்லை. அங்கே வைத்துச் சொன்னால் பத்துப் பேர் பார்க்கக் கீழே போவார்கள். சட்டையிலிருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டே நின்றேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அவர் கையைப் பார்த்தேன். பின்னால் ஏறும்போது நெய் வழிந்து மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் சிவந்து கொப்புளித்திருந்தது. குழாயடியில் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"நெஜமா பாத்தியா?" என்றார்.

"ரெண்டு கண்ணு. ஒரே ஒரு தடவ. அப்புறம் டார்ச் அடிச்சேன், இல்ல."

"வேற எதாவது இருக்குமோ? பாட்டிலு, கீட்டிலு. வெளக்கு வெளிச்சம் பட்டு?"

"இருக்கலாம்."

அவர் கையைத் திருப்பி மறுபக்கத்தைத் தண்ணீரில் காட்டினார். "பாட்டிலுன்னு ஒரு சந்தேகம் இருந்திருந்தா நீ எங்கிட்ட வந்திருக்க மாட்ட," என்றார். பிறகு, கடிதம் எழுதப்போகிறேன் என்று முதலிலேயே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்றார். ஆமாம் என்றேன். அது உண்மை. சொன்னால் எழுதவிட மாட்டார் என்று பயந்துதான் சொல்லவில்லை. அதையும் சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை வற்றத்தில் கரேன் அண்ணனோடு படித்துறைக்குப் போனேன். டிங்கி பக்கத்தில் சேறு வழவழவென்று இருந்தது. தடம் இல்லை. நீங்கள் ஏதாவது பார்த்தீர்களா என்று கேட்டேன். அவர் எப்போதும் அதிகம் பேச மாட்டார். "பானி ஹிலா தா," என்றார். தண்ணீர் அசைந்தது. அவ்வளவுதான். மீனாகவும் இருக்கலாம் என்று அவரே சேர்த்துக்கொண்டார்.

ஆபீசில் அறிக்கை எழுத உட்கார்ந்தேன். பார்த்ததாகக் கருதுகிறேன் என்று எழுதினேன். ரேஞ்சர் அடித்துவிட்டார். பார்த்தாயா, பார்க்கவில்லையா, இரண்டில் ஒன்றை எழுது என்றார். பேனாவைக் கீழே வைத்தேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து, பார்த்தேன் என்று எழுதினேன். அந்தச் சொல்லை இன்றைக்கு நினைத்தாலும் நாற்காலியில் சரியாக உட்கார முடிவதில்லை. பொய் என்றும் சொல்ல முடியாது. ஆனால் சொல்லில் இருந்த உறுதி என்னிடம் இல்லை.

அடுத்த வாரம் எச்சரிக்கைப் பலகை வந்தது. இந்தி, வங்காளம், தமிழ், மூன்றிலும் எழுதியது. நடுவதற்கு ஆள் அனுப்புகிறேன் என்றார் ரேஞ்சர். ஞாயிற்றுக்கிழமை என் கணவர் கையில் கட்டோடு, கம்பம் நடும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு என்னோடு வந்துவிட்டார். ஒற்றைக் கையால் குழி தோண்ட முடியாமல் அவர் திணற, மண்ணை நான் அள்ளினேன். அந்த வழியாக வந்த தாதா சைக்கிளை நிறுத்தி, கமிட்டியே இந்த இடத்தில் இனி ஆரத்தி வேண்டாம், கோயில் மைதானத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்துவிட்டது, அதற்கு மேல் பலகை எதற்கு, படகுக்காரர்கள் பயப்படுவார்களே என்றார்.

"அவ பாத்தா, தாதா," என்றார் என் கணவர். கடப்பாரையை நிறுத்தவில்லை.

மைதானத்தில் தண்ணீர் இல்லாமல் எப்படி ஆரத்தி, அது வெறும் விளக்குதான் என்று அவருக்கு வருத்தம் இருந்தது. இன்னும் இருக்கிறது. அதை நான் மாற்ற முயலவில்லை.

பலகையை நிறுத்தி மண்ணை மிதித்து இறுக்கிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் கூடையோடு வந்தார். மீன் கழுவ. பலகையை நின்று படித்தார், நன்றாக இருக்கிறது என்பதுபோல் தலையாட்டினார், படியில் இறங்கி முழங்கால் தண்ணீரில் கூடையை அமிழ்த்தினார். நான் கூப்பிட்டேன். இதோ முடிந்துவிட்டது தீதி என்றார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் ஏற்கெனவே படியில் இறங்கிக்கொண்டிருந்தேன்.